மறுபடியும் வந்துட்டாங்க!

என் பேரன் ஒரு காமிக்ஸ் போட்டிருக்கிறான். அவனே ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி, ஸ்கெட்ச் பேனாவில் வரைந்தது. நாலாம் வகுப்பு. பெரிய லீவுக்கு மாங்காட்டுக்கு வந்தவன் இரண்டு நாள் செல்போன் கேட்டு அடம் பிடித்துப் பார்த்தான். கிடைக்கவில்லை என்றதும் நோட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

தலைப்பு: "மறுபடியும் வந்துட்டாங்க!" பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி.

மொத்தம் பன்னிரண்டு கட்டம். நம் தெருவுக்கு எதிரே இருக்கும் காலி மனையில் ஒரு பறக்கும் தட்டு இறங்குகிறது. கதவு திறக்கிறது. மஞ்சள் மண்டை, மூன்று விரல், தோளில் ஒரு பை. இப்படி வரிசையாக வேற்றுக்கிரகவாசிகள் இறங்குகிறார்கள். அவர்கள் பேசுவது "க்ரா க்ரீ க்ரூ" என்று பலூனுக்குள் எழுதியிருக்கிறது. போன தடவை படையெடுத்து வந்து தோற்று ஓடியவர்கள்தானாம். இப்போது திரும்பி வந்திருக்கிறார்கள். நாலாவது கட்டத்தில், லுங்கி கட்டிய, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கிழவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொல்கிறார்: "மறுபடியும் வந்துட்டானுங்க. இனிமே நிம்மதி இல்ல."

நான் சிரித்துக்கொண்டே, "யாருப்பா இது?" என்றேன்.

"நீங்கதான் தாத்தா. ஹீரோ!" என்றான்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்த வசனம் என்னுடையதுதான். எதிர் மனைக்கு அடுத்த மனையில் அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அங்கே வேலை செய்யும் வடநாட்டுப் பையன்கள் ஹோலிக்கு ஊருக்குப் போய்விட்டு, ஆட்டோவில் பைகளோடு வந்து இறங்கினார்கள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான், வீட்டுக்காரியிடம் வார்த்தை மாறாமல் இதையேதான் சொன்னேன். அப்போது பேரன் இங்கே இல்லை. ஆனால் இந்த ஒரு மாதத்தில் அதையே நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேனோ, அவன் காதில் விழுந்திருக்கிறது. மஞ்சள் மண்டை எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும். ஹெல்மெட்.

இரண்டு நாள் அந்த நோட்டை நினைத்துக்கொண்டே இருந்தேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் காமிக்ஸ், கொஞ்சம் சரித்திரம், கடைசியில் என் கருத்து. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பிறந்த ஊர் சாத்தூர். சிவகாசி கூப்பிடு தூரம். சிவகாசியில் பைண்டிங் வேலை பார்த்த சித்தப்பா ஒருவர் எனக்கு இருந்தார். 1972-இல் சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸை ஆரம்பித்தபோது எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். முதல் இதழே இரும்புக்கை மாயாவி. சித்தப்பா வரும் ஞாயிற்றுக்கிழமைக்காக நாங்கள் நாலு பேர் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்போம். ஒரு புத்தகத்தை நாலு பேரும் ஒரே நேரத்தில் படிப்போம். ஒருவன் பக்கம் திருப்புகிறவன், அவனுக்குத்தான் அதிகாரம். மெதுவாகப் படிக்கிறவன் பாடு திண்டாட்டம்.

பிறகு 1984-இல் அவர் மகன் விஜயன் லயன் காமிக்ஸ் தொடங்கினார். அதே வருஷம் ராணி காமிக்ஸும் வந்தது. அப்போது நான் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்துவிட்டேன். மீசை வைத்த ஆள், மவுண்ட் ரோடு நடைபாதைக் கடையில் ஸ்பைடர் கதை வாங்கி, தினசரிக்குள் மறைத்துப் பஸ்ஸில் படித்திருக்கிறேன். என்னைப்போல இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் இருக்கிறீர்களோ, உண்மையை ஒப்புக்கொள்ளுங்கள்.

இந்தக் கதைகளின் உலகத்தில் எதிரிகள் திரும்பித் திரும்பி வருவார்கள். வேற்றுக்கிரகத்து எதிரி என்றால் கேட்கவே வேண்டாம். இந்திரஜால் காமிக்ஸின் ஃப்ளாஷ் கார்டன் ஞாபகம் இருக்கிறதா? 1934-இல் அமெரிக்காவில் அலெக்ஸ் ரேமண்ட் வரைய ஆரம்பித்தது. அதில் மோங்கோ கிரகத்துச் சர்வாதிகாரி மிங், எத்தனை தடவை வீழ்த்தினாலும் எழுந்து வருவான். இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு 1950-இல் 'ஈகிள்' என்ற வாரப் பத்திரிகையில் டான் டேர் வந்தான். அவனுடைய எதிரி மேகான், வெள்ளிக் கிரகத்துப் பச்சைத் தோல் ட்ரீன்களின் தலைவன். பூசணிக்காய் மாதிரி பெரிய தலை, குச்சி மாதிரி உடம்பு, அந்தரத்தில் மிதக்கும் ஆசனம். அவனும் தோற்பான், தப்புவான், திரும்பி வருவான். வராவிட்டால் பத்திரிகை எப்படி நடக்கும்? வில்லன் செத்துவிட்டால் அடுத்த வாரம் எதை விற்பது? 'தொடரும்' என்ற ஒரு வார்த்தை இருக்கும்வரை எந்த எதிரிக்கும் நிரந்தரச் சாவு கிடையாது.

இதற்கெல்லாம் பாட்டன் ஹெச்.ஜி. வெல்ஸ். 1898-இல் புத்தகமாக வந்த அவருடைய நாவலில் செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தின்மேல் படையெடுக்கிறார்கள். பீரங்கிக்கும் அடங்கவில்லை, கப்பலுக்கும் அடங்கவில்லை. கடைசியில் பூமியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமிகளால் சாகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகும் கதை சொல்கிறவருக்குத் தூக்கம் வரவில்லை. மறுபடியும் வருவார்களோ என்ற பயம் அவர் மனதில் தங்கிவிடுகிறது.

அந்த நாவலின் முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறார். செவ்வாய்க்காரர்களை ரொம்பவும் குறை சொல்லாதீர்கள். டாஸ்மேனியாவின் பூர்வகுடிகளுக்கு நம் ஐரோப்பியர்கள் என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள் என்கிறார். அடுத்தவன் வீட்டில் புகுந்து ஆண்டுகொண்டிருந்த ஒரு தேசம், தன் வீட்டிலும் ஒருவன் புகுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்த கதை அது. நாமோ புகுந்தவன் கையில் இருந்தவர்கள். அந்த ஊரில் எழுதிய கதைகளைச் சிவகாசி தமிழில் படித்து, லண்டன் நகரைக் காப்பாற்றக் கைதட்டினோம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் படையெடுப்பு என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள நமக்குச் செவ்வாய்க் கிரகம் தேவையில்லை. குன்றத்தூர் தாண்டினாலே போதும்.

குன்றத்தூரிலிருந்து சோமங்கலம் வழியாகப் போனால் மணிமங்கலம். இன்று மனை விற்பனைப் பலகைகள்தான் அதிகம் தெரியும். ஏழாம் நூற்றாண்டில் வாதாபிச் சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசியை, நரசிம்மவர்ம பல்லவன் தோற்கடித்த போர்க்களங்களில் ஒன்று இது என்று கூரம் செப்பேடு சொல்கிறது. புலிகேசி அப்போது வந்தது முதல் தடவை இல்லை. அதற்கு முன்பே மகேந்திரவர்மன் காலத்தில் படையெடுத்து வந்தவன். மகேந்திரவர்மன் காஞ்சிக்குப் பக்கத்தில் புள்ளலூரில் பகைவர்களை வென்றதாகச் செப்பேடு உண்டு. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்த படையெடுப்பாளனை, நம் பஸ் போகும் தூரத்தில் நம்மவர்கள் சந்தித்திருக்கிறார்கள். அதோடு விட்டார்களா? நரசிம்மவர்மன் வாதாபிக்கே போய் அதைப் பிடித்தான். அங்கிருந்து பார்த்தால் படையெடுப்பாளன் யார்?

அதே புள்ளலூரில் இன்னொன்றும் நடந்தது. 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் ஆங்கிலேயப் படையை அங்கே முறியடித்தார்கள். மைசூர்ப் படை ராக்கெட் விட்ட சண்டை அது. அடுத்த வருஷமே, 1781 ஆகஸ்ட் 27-இல், சர் அயர் கூட் தலைமையில் ஆங்கிலேயர்கள் அதே களத்துக்குத் திரும்பி வந்து மோதினார்கள். ராக்கெட், படையெடுப்பு, தோல்வி, மறு வருகை. மேகான் கதைக்கு வேண்டியதெல்லாம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். படையெடுப்பாளனுக்கு அடையாளம் உண்டு. அவன் ஆயுதத்தோடு வருவான். ஆள வருவான். வரி கேட்பான், நிலம் கேட்பான். மேகான் மிதக்கும் ஆசனத்தை விட்டு இறங்கிச் செங்கல் சுமந்ததாக எந்தக் கதையிலும் இல்லை. புலிகேசி மணிமங்கலத்தில் சாரத்தில் ஏறிச் சுவர் பூசவில்லை. தோளில் பையோடு வந்து, தகரக் கொட்டகையில் எட்டுப் பேர் படுத்து, காலையில் ஏழு மணிக்குக் கலவை போடுகிறவனைப் 'படையெடுத்து வந்துட்டான்' என்று சொல்வது, புலிகேசிக்கே அவமானம்.

ஆனால் சொல்கிறோம். காலையில் வெள்ளீஸ்வரர் கோயில் பக்கம் நடைப்பயிற்சி போகும் எங்கள் கோஷ்டி சொல்கிறது. டீக்கடையில் சொல்கிறார்கள். குமணன்சாவடி ஷேர் ஆட்டோவில் இடம் கிடைக்காவிட்டால் சொல்கிறோம். நானும்தான்.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. அந்தப் பையன்கள் நெடுஞ்சாலையில் மூட்டை முடிச்சோடு வடக்கே நடந்ததை டிவியில் பார்த்து நாம் எல்லோரும் 'ஐயோ பாவம்' என்றோம். மே மாதம் அவர்களுக்காகச் சிறப்பு ரயில்கள் விட்டார்கள். போய்விட்டார்கள். அப்புறம் என்ன ஆனது? பாதியில் நின்ற கட்டடம் பாதியிலேயே நின்றது. எங்கள் தெருவில் ஒருவர், 'ஆள் எப்ப வருவாங்க, ஆள் எப்ப வருவாங்க' என்று தினமும் மேஸ்திரிக்குப் போன் போட்டார். அவர்கள் திரும்பி வந்தபோது அதே மனிதர், 'வந்துட்டானுங்கய்யா' என்றார். நடந்து போகும்போது பாவம்; ரயிலில் திரும்பி வந்தால் படையெடுப்பு!

2023 மார்ச்சில் இன்னொரு கூத்து. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. வேறு எங்கோ நடந்ததையெல்லாம் இங்கே நடந்தது என்று போட்டார்கள். பயந்துபோய் நிறையப் பேர் ரயில் ஏறினார்கள். பீகார் அரசே ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. தமிழ்நாட்டுப் போலீசும் இந்தியில் அறிவிப்பு வெளியிட்டு, பயப்பட வேண்டாம் என்றது. அந்த வாரம் எங்கள் பக்கத்துக் கட்டடத்துப் பையன் ஒருவன் என் வாசலில் நின்று, பாதித் தமிழில், "அண்ணா, இங்க ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டான். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, அவனுக்கு இருபது இருக்கும், அண்ணா என்கிறான். "ஒண்ணும் ஆகாது, போய் வேலையைப் பாரு" என்றேன். யோசித்துப் பாருங்கள். நாம் அவர்களைப் பார்த்துப் பயப்படுவதாகச் சொல்லிக்கொள்கிறோம். அவர்கள் நம்மைப் பார்த்துப் பயந்து ரயில் ஏறினார்கள். அவர்கள் ஊரில் ஒரு பிள்ளை காமிக்ஸ் வரைந்தால், அதில் மூன்று விரலோடு நிற்பது யார்?

எங்கள் குடும்பத்துக்கும் இந்தக் கதை தெரியும். என் பெரியப்பா மகன், எங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன், அறுபதுகளில் பம்பாய்க்குப் போனார். டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட். சயனில் ஒரு அறையில் ஆறு பேர். அறுபதுகளின் கடைசியில் தென்னிந்தியர்கள் வெளியேற வேண்டும் என்று அங்கே குரல் கிளம்பியது. லுங்கி கட்டினவன் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவன். எங்கள் பிள்ளைகளின் வேலையைப் பிடுங்குகிறார்கள், கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், பேசுவது டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல இருக்கிறது என்றார்கள். 'க்ரா க்ரீ க்ரூ' என்பதற்கு அந்த ஊர் மொழிபெயர்ப்பு. அண்ணன் பயந்து ஊருக்கு வந்தார். மூன்று மாதம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மானாவாரிக் காடு ஆறு பேருக்குச் சோறு போடாது. திரும்பவும் பம்பாய் மெயில் ஏறினார். அவர் அனுப்பிய மணியார்டரில்தான் நான் பியூசி படித்தேன். அவர் இறங்கியபோது பம்பாயில் யாரோ ஒரு தாத்தா மாடியிலிருந்து, 'மறுபடியும் வந்துட்டானுங்க' என்று சொல்லியிருப்பார்.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். 1995-இல் நான் மாங்காட்டில் மனை வாங்கினேன். கையில் இருந்த பணத்துக்கு இந்தப் பக்கம்தான் கட்டுப்படியானது. அப்போது மனைக்குப் பின்னால் நெல் விளைந்துகொண்டிருந்தது. தவளைச் சத்தத்தில் தூங்க முடியாது. கடைக்கால் தோண்டிய அன்று, பக்கத்து வயல்காரப் பெரியவர் ஒருவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மரியாதைக்கு, "ஐயா, என்ன பாக்குறீங்க?" என்றேன். "ஒண்ணும் இல்ல தம்பி. நீங்கள்லாம் வந்துக்கிட்டே இருக்கீங்க. தண்ணி எங்க போவும்?" என்றார்.

அப்போது அது எனக்குக் கோபமாக இருந்தது. பத்திரம் இருக்கிறது, பணம் கொடுத்திருக்கிறேன், இவர் யார் கேட்க? 2015 டிசம்பரில் என் வீட்டுக் கூடத்தில் முழங்கால் தண்ணீர் நின்றபோது அந்தப் பெரியவர் கேட்டது நினைவுக்கு வந்தது. தண்ணீருக்கு அதன் பழைய வழி ஞாபகம் இருந்தது. எனக்குத்தான் வழியை மறித்துக் கட்டியது ஞாபகம் இல்லை. ஆக, இந்த ஊரில் வந்தேறிக் கணக்கு எடுத்தால், பத்திரத்தோடு வந்து வயலை மனையாக்கிய என்னைப் போன்றவர்கள் முதல் பக்கத்தில் இருப்போம். அந்தப் பையன்கள் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதில் குடியேறுவதும் நாம்தான். மாங்காட்டு அம்பாளே கயிலையிலிருந்து வந்து இங்கே தவம் இருந்தாள் என்றுதானே தலபுராணம்? வெளியூர்க்காரர்களுக்கு இது ராசியான ஊர்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். எங்கள் நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் நேரிலேயே கேட்டார்: "உங்களுக்குப் பென்ஷன் வருது சார், பேசுறீங்க. எம் பையன் ஐடிஐ முடிச்சுட்டு இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம்னு அலையுறான். காண்ட்ராக்ட்ல அவங்களைத்தான் எடுக்குறாங்க." நியாயமான பேச்சு. இதை மூடி மறைக்க மாட்டேன். குறைந்த கூலிக்கு, கூடுதல் நேரத்துக்கு, கேள்வி கேட்காத ஆள் கிடைத்தால் முதலாளி அவனைத்தான் எடுப்பார். ஆனால் அந்தக் கூலியை நிர்ணயித்தது யார்? பை தூக்கி வந்த பையனா? அவனுக்கும் சட்டப்படியான கூலி, அவனுக்கும் எட்டு மணி நேரம் என்று ஆகிவிட்டால், ஆயிரம் மைல் தாண்டி ஆள் கொண்டுவர யாருக்கும் அவசியம் இருக்காது. நண்பர் மகனுக்கும் வேலை கிடைக்கும். கோபப்பட வேண்டிய இடம் ஒப்பந்தக்காரரின் கணக்கு நோட்டு. அந்த நோட்டு நம் கண்ணுக்குப் படாது, ஹெல்மெட் படுகிறது. அதனால் ஹெல்மெட்டைத் திட்டுகிறோம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை வரும் மெட்ரோவுக்கு வெயிலில் தூண் எழுப்பியதும் இந்த மாதிரி ஹெல்மெட்டுகள்தான். அதில் சீனியர் சிட்டிசன் சீட் கேட்டு உட்காரப் போவது நானும் நண்பரும்.

இப்போது காமிக்ஸுக்குத் திரும்புகிறேன். பேரனைக் கூப்பிட்டு நீதி போதனை செய்யலாமா என்று யோசித்தேன். வேண்டாம். போதனை செய்தால் அவன் நோட்டை மூடிவிடுவான். பரணில் இருந்த பெட்டியை இறக்கினேன். தும்மல் நாலு. உள்ளே முத்து, லயன். கரையான் தின்றது போக முப்பது, முப்பத்தைந்து புத்தகம் மிச்சம்.

அவனிடம் இரும்புக்கை மாயாவியைப் பற்றிச் சொன்னேன். 1962-இல் 'வேலியன்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையில் ஆரம்பித்தது. ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. லூயிஸ் கிராண்டேல் என்ற ஆய்வுக்கூட உதவியாளன் ஏற்கெனவே வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன். ஒரு விபத்தில் மின்சாரம் பாய்கிறது. அவன் மறைந்துபோகிறான், இரும்புக் கை மட்டும் தெரிகிறது. பேரன் வாய் பிளந்து கேட்டான். "அப்புறம் எல்லாரையும் காப்பாத்துனானா?"

"இல்லப்பா. முதல்ல திருடன் ஆனான். ஊரையே மிரட்டுனான். அப்புறம்தான் திருந்தி, நிழற்படையில சேர்ந்து, நல்லவன் ஆனான்."

"கெட்டவன் எப்படி ஹீரோ ஆக முடியும்?"

ஸ்பைடர் கதையையும் சொன்னேன். கூர்மண்டையும் கூரான காதும் கொண்ட ஸ்பைடர் கதையில் நுழைந்ததே, குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆக வேண்டும் என்றுதான். பெல்ஹாம், ஆர்டினி என்று இரண்டு திருடர்கள் அவனுக்குக் கையாட்கள். போகப்போகத்தான் நல்லவர் பக்கம் வந்தான். அந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். அமெரிக்காவில் 1938-இல் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவர். சீகலின் பெற்றோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதர்கள். வந்தேறிகளின் பிள்ளை படைத்த சூப்பர்மேன் யார்? அவனும் வேற்றுக்கிரகவாசிதான். சொந்தக் கிரகம் அழிந்து, குழந்தையாக ராக்கெட்டில் வந்து இறங்கியவன். ஒரு விவசாயியும் மனைவியும் அவனை எடுத்து வளர்த்தார்கள். அன்று அவர்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, 'வந்துட்டான்யா' என்று கதவைச் சாத்தியிருந்தால் சூப்பர்மேன் ஏது?

நம் தமிழ் சினிமாவும் சும்மா இல்லை. 1963-இல் வந்த 'கலை அரசி'யில் எம்.ஜி.ஆர்., பானுமதி, நம்பியார். வேற்றுக்கிரகத்திலிருந்து நம்பியார் வருகிறார். எதற்கு? அவர்கள் கிரகத்தில் விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது, பாட்டும் ஆட்டமும் இல்லை. அதைக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். பானுமதியைக் கடத்திப் போகிறார். கடத்தல் தப்புதான், எம்.ஜி.ஆர். போய் மீட்டும் வந்துவிடுகிறார். ஆனால் வேற்றுக்கிரகவாசி என்றால் ஏதோ ஒன்று குறைந்துபோய் அதைத் தேடி வருகிறவன் என்று நம்மவர்களுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். சாத்தூர் டூரிங் டாக்கீஸில் மண்ணைக் குவித்து உட்கார்ந்து அதைப் பார்த்தபோது எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் பெரியவர்கள், 'காமிக்ஸ் படிச்சா உருப்பட மாட்டே' என்பார்கள். எனக்கு என்னவோ, அந்தப் புத்தகங்கள் கற்றுக்கொடுத்ததை நான்தான் மறந்துவிட்டேன் என்று தோன்றுகிறது. ஆள வருகிறவனை எதிர்த்து நில் என்றன. கெட்டவன்கூட நம் பக்கம் வரலாம் என்றன. வெளியே இருந்து வருகிறவன் எல்லாம் மேகான் இல்லை, சூப்பர்மேனும் வெளியூர்தான் என்றன. ஆங்கிலத்தில் 'ஏலியன்' என்ற சொல்லுக்கு ஆதியில் அயல்நாட்டான் என்றுதான் பொருள். பச்சைத் தோலும் பெரிய மண்டையும் பின்னால் ஒட்டிக்கொண்டவை. அயலான் ஒருவனை வேற்றுக்கிரகவாசி ஆக்குவதற்குப் பறக்கும் தட்டு தேவையில்லை. மாடியிலிருந்து ஒரு கிழவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கீழே ஒரு பிள்ளை அதை வரைந்துகொள்ளும்.

அதனால் என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. நமக்கு இனி பெரிய அதிகாரம் எதுவும் கிடையாது. கூலியை நாம் நிர்ணயிக்கப் போவதில்லை, சட்டம் போடப் போவதில்லை. நம் கையில் மிச்சம் இருப்பது பேரப்பிள்ளைகள் காதில் விழும் வார்த்தைகள் மட்டும்தான். அதைப் பார்த்துச் செலவு செய்வோம்.

நேற்றுச் சாயங்காலம் பேரன் நோட்டைக் கொண்டுவந்தான். பதின்மூன்றாவது கட்டம் போட்டிருந்தான். மஞ்சள் மண்டை வேற்றுக்கிரகவாசி ஒருவன் எங்கள் வீட்டு கேட்டில் நிற்கிறான். பலூனில், "தண்ணி கிடைக்குமா?" இப்போது தமிழ் பேசுகிறான். லுங்கித் தாத்தாவும் நிற்கிறார். அவர் பலூன் காலி.

"நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியல தாத்தா. நீங்களே எழுதுங்க" என்று பேனாவை நீட்டினான்.

யோசித்து, "வாசல் குழாயில் பிடிச்சுக்கோங்க" என்று எழுதினேன். வழக்கமாக நான் சொல்வது அதுதான்.

எழுத்துக்கூட்டிப் படித்தான். "உள்ள வாங்கன்னு சொல்ல மாட்டீங்களா?" என்றான்.

"அடுத்த இதழில் பார்க்கலாம்" என்றேன்.